மூன்று அணை, ஒரே நீர்மட்டம்

குமுளியிலிருந்து மூணாறு போகும் சாலையில், வண்டன்மேட்டுக்கு அருகே புற்றடி என்றொரு ஊர். ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிற இடம். கூடத்தில் வரிசையாகக் கணினிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வியாபாரி. மாதிரிக் காயைக் கையில் எடுத்து நிறம் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், பிறகு திரையில் விலையை ஏற்றுவார்கள். மலைக்கு இந்தப் பக்கம் போடிநாயக்கனூரிலும் அதேபோல ஒரு கூடம் உண்டு. முன்பு போடியில் ஏலம் என்றால் இடுக்கி வியாபாரி மலை இறங்க வேண்டும், புற்றடியில் என்றால் போடிக்காரர் மலை ஏற வேண்டும். 2021-இல் ஸ்பைசஸ் போர்டு இரண்டு கூடங்களையும் இணையத்தின் வழியே பிணைத்தது. ஒரே லாட்டுக்கு, அதாவது ஏலத்துக்கு வரும் ஒரே தொகுதிக் காய்க்கு, இரண்டு ஊரிலிருந்தும் ஒரே நேரத்தில் விலை கேட்கலாம் என்றானது.

லாட் ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படியொரு கூடத்தில் நெட்வொர்க் ஒரு நிமிடம் நின்றுபோனால் என்ன ஆகும்? கூடுதலாக ஐம்பது ரூபாய் கேட்க இருந்தவரின் திரை உறைந்து நிற்கும். லாட் வேறொருவருக்குப் போய்விடும். நஷ்டம், அந்தக் காயை விளைவித்துப் பறித்து உலர்த்தி அனுப்பியவருக்கு. அதனால்தான் வெளியே யாருக்கும் தெரியாத ஒரு வேலையைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க் சுவிட்சுகளை, ஓட்டம் நிற்கும் நேரத்தை முடிந்தவரை சுருக்கி, ஒன்றாகச் சேர்க்கும் வேலை அது. தொழிலில் இருப்பவர்கள் ஸ்டாக் போடுவது என்பார்கள்.

சுவிட்ச் என்றதும் சுவரில் இருக்கும் விளக்கு சுவிட்ச் நினைவுக்கு வரலாம். இது வேறு. பேங்கிலோ மருத்துவமனையிலோ கல்லூரியிலோ மாடிப்படிக்குக் கீழே, கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரி ஒன்று பார்த்திருப்பீர்கள். ரேக் என்பார்கள். உள்ளே தட்டையான பெட்டிகள், முகப்பில் 24 அல்லது 48 துளைகள், ஒவ்வொன்றிலும் நீலமோ சாம்பலோ ஒரு கேபிள், துடித்துக்கொண்டே இருக்கும் பச்சை விளக்குகள். அந்தத் தட்டைப் பெட்டிதான் சுவிட்ச். துளைக்குப் போர்ட் என்று பெயர். எந்தப் போர்ட்டில் எந்தக் கணினி இருக்கிறது என்பதை அதற்கு யாரும் சொல்லித்தருவதில்லை. உள்ளே வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் அனுப்பியவரின் முகவரி இருக்கும். அதைப் படித்து, இன்னார் ஏழாம் போர்ட்டில் என்று தன் பட்டியலில் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அவருக்கு ஏதாவது வந்தால் ஏழாம் போர்ட்டுக்கு மட்டும் தள்ளும், மற்றவர்களைத் தொந்தரவு செய்யாது.

ஒரே நேரத்தில் பல போர்ட்டுகளுக்கு இப்படிப் பிரித்துக் கொடுக்கும் முதல் ஈதர்நெட் சுவிட்சை 1990 வாக்கில் கொண்டுவந்த அமெரிக்கக் கம்பெனியின் பெயர் கல்பனா. நம் வீட்டுப் பெண்ணின் பெயர்தான். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜும் லேரி பிளேர் என்பவரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. பரத்வாஜின் மனைவி பெயரையே வைத்தார்கள். அந்த முதல் பெட்டிக்கு ஏழே போர்ட்டுகள். 1994-இல் சிஸ்கோ அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது.

தமிழ்நாடு-கேரள எல்லையோர ஊர்களில் இந்தப் பெட்டிகள் பெருகிக்கொண்டே வருகின்றன. கேரள அரசின் கே-ஃபோன் திட்டம் 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. மின்வாரியத்தின் கம்பங்களையும் கோபுரங்களையும் பிடித்துக்கொண்டே ஃபைபர் போகிறது. கரண்ட் கம்பம் ஏறிய இடத்துக்கெல்லாம் ஃபைபரும் ஏற முடியும். வாசல் வரை ஃபைபர் வந்த பிறகு, உள்ளே இருபது மேசைக்கும் அதைப் பிரித்துக் கொடுக்க சுவிட்ச் வேண்டும். முதல் வருடம் ஒரு பெட்டி. ஆள் கூடினால் இரண்டு. கேமரா மாட்டினால் மூன்று.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டாவது பெட்டியை முதல் பெட்டியின் ஒரு போர்ட்டில் செருகுவார்கள், மூன்றாவதை இரண்டாவதில். சரம் கோத்ததுபோல ஒரு தொங்கல். நடுப்பெட்டி செத்தால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் சாகும். மூன்று பெட்டிக்கும் மூன்று ஐ.பி. முகவரி, மூன்று பாஸ்வேர்டு, மூன்று தனித்தனி அமைப்பு. ஒரு மாற்றம் என்றால் மூன்றிலும் நுழைந்து செய்ய வேண்டும். இரண்டில் செய்துவிட்டு மூன்றாவதை மறந்திருப்பார்கள். போதாக்குறைக்கு, நாற்பத்தெட்டுப் போர்ட்டுகளின் போக்குவரத்து முழுவதும் ஒரே ஒரு கேபிள் வழியே அடுத்த பெட்டிக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஸ்டாக் இதை எப்படித் தீர்க்கிறது என்பதற்கு இடுக்கியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இடுக்கி நீர்த்தேக்கத்தைத் தாங்குவது ஓர் அணை என்றுதான் சுற்றுலா வருபவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்று. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே 168.91 மீட்டர் உயரத்தில் நிற்கும் வளைவு அணை ஒன்று. அதை ஒட்டி செறுதோணி. தள்ளி குளமாவு. வளைவு அணைக்கு மதகே கிடையாது. வெள்ளம் வந்தால் திறப்பது செறுதோணி. 2018 ஆகஸ்டில் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தார்களே, அந்த ஷட்டர்கள் அங்கேதான் இருக்கின்றன. மூலமட்டம் மின்நிலையத்துக்குத் தண்ணீர் போவது குளமாவுப் பக்கத்திலிருந்து. மூன்றும் வெவ்வேறு பள்ளத்தாக்கை அடைத்து நிற்கின்றன, வெவ்வேறு வேலை செய்கின்றன. ஆனால் ஏரி ஒன்றுதான். முழு நீர்மட்டம் 2,403 அடி என்றால் மூன்று அணையிலும் 2,403 அடிதான்.

ஸ்டாக்கும் அப்படித்தான். பெட்டிகளின் முதுகில் இதற்கென்றே இரண்டு பெரிய துளைகள் இருக்கும். அரை மீட்டர், ஒரு மீட்டர் நீளத்தில் தடித்த தனிக் கேபிள்கள் வரும். முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதற்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு, மூன்றாவதிலிருந்து திரும்ப முதலாவதற்கு என்று வளையமாகச் செருகிவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்று பெட்டி தெரியாது. 144 போர்ட் கொண்ட ஒரே சுவிட்ச்தான் தெரியும். ஒரு ஐ.பி., ஒரு பாஸ்வேர்டு, ஒரு அமைப்பு. சிஸ்கோ 2003-இல் கேட்டலிஸ்ட் 3750 என்ற வரிசையில் இதைக் கொண்டுவந்தபோது ஒன்பது பெட்டி வரை சேர்க்க முடிந்தது. ஜூனிப்பர் 2008-இல் பத்துப் பெட்டி வரை சேர்க்கும் வரிசையைக் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகளும் ஆளுக்கொரு பெயரில் இதையே செய்கின்றன. பெயரும் கட்டளையும் மாறும், உள்ளே நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான். இங்கே நான் சொல்லும் விவரங்கள் சிஸ்கோ பெட்டிகளை வைத்து.

ஒரே சுவிட்ச் என்றால் ஒரே மூளைதான் இருக்க முடியும். சேர்ந்த பெட்டிகளில் ஒன்று தலைமை ஏற்கும், புதிய வரிசைகளில் இன்னொன்று அடுத்த நிலையில் காத்திருக்கும், மற்றவை கை கால். தலைவரை யார் தேர்ந்தெடுப்பது? பெட்டிகளே. ஒவ்வொரு பெட்டிக்கும் 1 முதல் 15 வரை முன்னுரிமை எண் ஒன்று கொடுக்கலாம். அதிக எண் வைத்திருப்பது ஜெயிக்கும். யாரும் தொடாத பெட்டியில் அது 1 ஆகவே இருக்கும். எண்கள் சமமாக இருந்தால் வேறு கணக்குகளைப் பார்த்து முடிவு செய்துகொள்ளும்.

இந்தத் தேர்தலைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் கேபிளைச் செருகினால் என்ன நடக்கும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். பாலக்காட்டு எல்லையில் ஒரு மருத்துவமனை. பழைய பெட்டி ஒன்று, ஒரு வருடத்துக்கும் மேலாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பில்லிங், மருந்தகம், வார்டு போன்கள் எல்லாம் அதில். பக்கத்தில் புதிய பெட்டியை மாட்டி, கரண்ட் கொடுத்து, முதுகில் ஸ்டாக் கேபிளைச் செருகினோம். இரண்டும் உயிரோடு இருந்தன. புதியது என்று நாங்கள் நினைத்த பெட்டி, வேறோர் இடத்தில் தலைமைப் பெட்டியாக இருந்து வந்தது. அதன் முன்னுரிமை எண் 15. பழைய பெட்டியின் எண்ணை யாரும் தொட்டதில்லை, அது 1.

கேபிள் ஏறிய சில நொடிகளில் பழைய பெட்டியின் விளக்குகள் மொத்தமாக அணைந்தன. தேர்தலில் தோற்ற பெட்டி தன்னை ரீஸ்டார்ட் செய்துகொள்ளும், பிறகு ஜெயித்தவரின் அமைப்பை எடுத்துக்கொண்டு உறுப்பினராக எழுந்து வரும். விதி அதுதான். ஜெயித்த பெட்டியில் அமைப்பு என்று எதுவுமே இல்லை. பழையது எழுந்து வந்தபோது, எந்தப் போர்ட் மருந்தகம், எந்தப் போர்ட் போன் என்ற விவரம் ஒன்றுகூட ஓட்டத்தில் இல்லை. கரண்டையும் கேபிள் வழியேதான் வாங்கிக்கொண்டிருந்த வார்டு போன்கள் அத்தனையும் செத்துவிட்டன. எங்களுடன் வந்த மூத்தவர் தன் லேப்டாப்பில் பழைய அமைப்பின் பிரதியை வைத்திருந்தார். அதனால் அன்று தப்பினோம். கூடத்தில் வரிசையில் நின்ற நோயாளிகளின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றோடு இன்னொன்றைச் சேர்க்கும் வேலை மின்நிலையத்திலும் உண்டு. மூலமட்டத்தில் மலையைக் குடைந்து கட்டிய மின்நிலையம், 1976-இல் ஓடத் தொடங்கியது. தலா 130 மெகாவாட் வீதம் ஆறு இயந்திரங்கள். ஓடும் மின்தொகுப்போடு ஓர் இயந்திரத்தைச் சேர்க்க வேண்டுமானால் அதை முதலில் தனியாகச் சுழலவிட்டு, மின்னழுத்தம் சமமாக, அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் கணக்கில் ஒத்துப்போக, அலையின் ஏற்ற இறக்கமும் ஒரே நேரத்தில் விழுமாறு கொண்டுவருவார்கள். இதைக் காட்ட சிங்க்ரோஸ்கோப் என்ற முள் வைத்த கருவி உண்டு. முள் மெல்ல நகர்ந்து பன்னிரண்டு மணி நிலைக்கு வரும்போது பிரேக்கரை மூடுவார்கள். பொருந்தாமல் மூடினால் இயந்திரத்தின் தண்டே முறுக்கிக்கொள்ளும். அங்கே புதிதாகச் சேர்வது ஓடிக்கொண்டே சேர வேண்டும். ஸ்டாக்கில் இது நேர்மாறு: புதிதாகச் சேரும் பெட்டி தூங்கிக்கொண்டே வர வேண்டும். அணைந்திருக்கும் பெட்டி தேர்தலில் நிற்க முடியாது. ஏற்கெனவே தலைவர் ஒருவர் ஓடிக்கொண்டிருக்கும் வளையத்தில் அது எழுந்திருக்கும்போது, தன் எண் 15 ஆகவே இருந்தாலும், தலைமையைப் பறிக்காமல் உறுப்பினராகத்தான் உட்காரும். ஓடும் பெட்டியில் ஒரு விளக்குகூட அணையாது.

ஆகவே இரண்டு பெட்டியும் வேலையில் இருக்கும்போது சேர்க்க வேண்டுமென்றால், எது தலைவர் என்பதை நாம் முன்பே முடிவு செய்துவிட்டு, மற்றதை ஒரு முறை அணைத்துத்தான் ஆக வேண்டும். நிற்கும் நேரமே இல்லாமல் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாவது பெட்டி திரும்ப எழ ஐந்து முதல் பத்து நிமிடம் வரை ஆகும். அந்த நிமிடங்கள் யார் தலையில் விழுகின்றன என்பதை மட்டும்தான் நாம் தீர்மானிக்க முடியும். திறமையெல்லாம் அங்கேதான்.

அதே மருத்துவமனைக்கு, வேறொரு கட்டடத்தின் ரேக்கில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பெட்டிகளைச் சேர்க்க மறுபடி போனபோது இரவு பதினொன்றரை. நைட் டியூட்டி சிஸ்டர் கேட்டார், “தம்பி, போன மாசம் மாதிரி ஆயிடாதே?”

“ஆகாது சிஸ்டர். உங்க மேசை போனை மட்டும் முதல்ல மாத்திடறேன். ஒரு ரெண்டு நிமிஷம் இருக்காது, அவ்வளவுதான்.”

வேலையில் முக்கால் பங்கு அதற்கு முந்தைய நாட்களிலேயே முடிந்திருந்தது. இரண்டு பெட்டியின் அமைப்பையும் பிரதி எடுத்து லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று. இரண்டிலும் ஓடும் மென்பொருள் ஒரே பதிப்பா, லைசென்ஸ் ஒரே நிலையா என்று பார்த்தோம். இல்லை. இரண்டாவது பெட்டி ஒரு பதிப்பு பின்தங்கியிருந்தது. பதிப்பு பொருந்தாத பெட்டி வளையத்தில் சேர்ந்தாலும் வேலை செய்யாமல் பொருந்தவில்லை என்ற அறிவிப்போடு நிற்கும். தலைமைப் பெட்டி தானாகவே அதைத் திருத்திவிடும் வசதி சில வரிசைகளில் உண்டு. ஆனால் அது இன்னொரு ரீஸ்டார்ட், இன்னும் பத்து நிமிடம். அதை நான்கு நாள் முன்பே, தனி இரவில் முடித்துவிட்டோம்.

அடுத்தது போர்ட்டின் பெயர். தனியாக ஓடும் எந்தப் பெட்டியும் தன்னை 1 என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். அதன் ஐந்தாம் போர்ட்டின் பெயர் 1/0/5. ஸ்டாக்கில் சேர்ந்ததும் அந்தப் பெட்டியின் எண் 2 ஆகிவிடும், அதே துளையின் பெயர் 2/0/5 ஆகிவிடும். பழைய பெயரில் எழுதிவைத்த அமைப்பு அதற்குப் பொருந்தாது. பலர் தடுக்கி விழும் இடம் இது. பெட்டி சேர்ந்துவிட்டது, விளக்கு எரிகிறது, யாருக்கும் நெட் வரவில்லை. இதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. இன்னும் வராத பெட்டிக்காகத் தலைமைப் பெட்டியில் முன்கூட்டியே இடம் போட்டுவைக்கலாம். இரண்டாம் எண்ணில் இந்த மாடல் வரப்போகிறது என்று ஒரு வரி எழுதினால் போதும், 2/0/1 முதல் 2/0/48 வரை போர்ட்டுகள் இப்போதே இருப்பதுபோலப் பட்டியலில் வந்துவிடும். இரண்டாவது பெட்டியின் பழைய அமைப்பைப் பார்த்துப் பார்த்து அவற்றில் எழுதி முடித்தோம். மருந்தகம், லேப், கேமரா ஒவ்வொன்றும் எந்தப் பிரிவு, எந்தப் போர்ட் என்று. இரண்டாவது பெட்டியில் மட்டும் இருந்த நெட்வொர்க் பிரிவுகளைத் தலைமைப் பெட்டியிலும் உருவாக்கினோம். அதில் ஒன்றை விட்டிருந்தால் விடியற்காலையில் எக்ஸ்ரே அறைக்கு நெட் இருந்திருக்காது.

அன்றிரவு நடந்தது இவ்வளவுதான். தலைமைப் பெட்டிக்கு முன்னுரிமை 15, சேரப்போகும் பெட்டிக்கு 14. முன்னுரிமையை மாற்ற ரீஸ்டார்ட் தேவையில்லை. பிறகு சிஸ்டரின் மேசை போன், அவசரப் பிரிவின் கணினி, மருந்தகத்தின் இரண்டு கணினிகள் ஆகியவற்றின் பேட்ச் கார்டு கேபிள்களை ஒவ்வொன்றாக இரண்டாவது பெட்டியிலிருந்து பிடுங்கி முதல் பெட்டியில் காலியாக இருந்த போர்ட்டுகளில் செருகினோம். கணினிகளுக்கு ஓரிரு விநாடி விடுபட்டது. வளையம் உருவாகிவிடுமோ என்று சோதிக்க ஒவ்வொரு புதிய இணைப்பையும் சுவிட்ச் முப்பது விநாடி காக்கவைக்கும் பழக்கம் உண்டு. இது கணினி போர்ட்தான், காக்கவைக்காதே என்று அந்தப் போர்ட்டுகளில் முன்பே எழுதியிருந்ததால் அந்த முப்பது விநாடியும் மிச்சம். போன் மட்டும் கரண்ட் போய் வந்ததால் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது, சிஸ்டரிடம் சொன்ன கணக்குதான்.

இப்போது இரண்டாவது பெட்டியில் மிச்சம் இருந்தவை, இரவில் யாரும் தொடாத மேசைகள். அதன் பழைய அமைப்பை அழித்து, கரண்டைப் பிடுங்கினோம். இரண்டு பெட்டிக்கும் நடுவே பழைய இணைப்பாக இருந்த கேபிளை எடுத்துவிட்டோம். இல்லாவிட்டால் ஒரே சுவிட்சின் வால் அதன் வாயிலேயே செருகியதுபோல ஆகிவிடும். முதுகில் ஸ்டாக் கேபிள்கள் இரண்டையும் குறுக்கே செருகி, திருகைக் கையால் முறுக்கி இறுக்கினோம். அந்தக் கேபிள் முழுதாக உட்காராமல் உட்கார்ந்ததுபோலத் தெரியும். இழுத்துப் பார்க்காமல் விடவே கூடாது. பிறகு கரண்ட்.

விசிறி பெரும் சத்தத்தோடு சுற்றி, மெல்லத் தணிந்தது. கன்சோல் கேபிளைத் தலைமைப் பெட்டியில் போட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில், ஸ்டாக் போர்ட் உயிர் பெற்றது என்று ஒரு வரி. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டாம் எண் பெட்டி வந்திருக்கிறது, தயாராகிக்கொண்டிருக்கிறது என்று ஒரு வரி. ஏழாவது நிமிடத்தில், தயார். பெட்டியின் மோட் பட்டனை அழுத்தி ஸ்டாக் நிலைக்குக் கொண்டுவந்தால் முதல் போர்ட்டின் விளக்கு நிலையாக எரிகிறது, இரண்டாவது கண் சிமிட்டுகிறது. நான் இரண்டாமவன் என்று அந்தப் பெட்டி சொல்லும் விதம் அது. தலைமைப் பெட்டியில் எழுதிவைத்திருந்த போர்ட்டுகளில் கேபிள் இருந்தவையெல்லாம் தத்தம் கணினிகளைக் கண்டுபிடித்துப் பச்சையாயின. முதல் பெட்டியில் இருந்த எவருக்கும் எதுவும் நடந்தது தெரியாது.

வளையத்தை ஏன் முழுசாக மூட வேண்டும், ஒரு கேபிள் போதாதா என்று கேட்பார்கள். தேனிக்காரரிடம் கேட்டால் தெரியும். போடிமெட்டு வழியே ஏறினால் பூப்பாறை. கூடலூர் வழியே ஏறினால் குமுளி. குமுளியும் பூப்பாறையும் நெடுங்கண்டம் வழியே மலைமேல் சேர்ந்திருக்கின்றன. போடிமெட்டில் மண் சரிந்து ரோடு மூடினால், குமுளி சுற்றிப் போய் பூப்பாறைக்குச் சேரலாம். நேரம் கூடும், ஆனால் போய்ச் சேரலாம். ஸ்டாக் வளையத்தில் ஒரு கேபிள் அறுந்தால் போக்குவரத்து மறுபக்கம் திரும்பிக்கொள்ளும், அகலம் பாதியாகும், வேலை நிற்காது. ஒரே கேபிள் மட்டும் போட்டு அதுவும் போனால் விபரீதம் வேறு மாதிரி: இரண்டு பெட்டியும் தனித்தனியே, தலைவர் இனி நான்தான் என்று எழுந்துவிடும். இரண்டும் ஒரே ஐ.பி.யைப் பிடித்துக்கொண்டு நெட்வொர்க்கையே குழப்பிவிடும். பெட்டி செத்துப்போவதைவிட மோசமான நிலை இது, ஏனென்றால் எல்லா விளக்கும் பச்சையாகவே எரியும்.

வளையத்தால் இன்னொரு பலனும் உண்டு, எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. வெளியிலிருந்து வரும் ஃபைபர் இரண்டில் ஒன்றை முதல் பெட்டியிலும் மற்றதை இரண்டாவதிலும் செருகி, இரண்டையும் ஒரே பாதையாகக் கட்டலாம். இரண்டும் ஒரே சுவிட்ச் என்பதால் இது சாத்தியமாகிறது. ஒரு பெட்டி எரிந்துபோனாலும் மற்ற பெட்டியில் இருப்பவர்களுக்கு வெளியுலகம் இருக்கும். இடி மின்னல் அதிகமான இடுக்கியில் இதைக் கேட்காமலேயே போட்டுக்கொடுப்பேன்.

ஆனால் ஸ்டாக்கை எல்லா இடத்திலும் போடச் சொல்ல மாட்டேன். மூளை ஒன்று என்பதற்கு மறுபக்கமும் இருக்கிறது. மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பெரும்பாலும் எல்லாப் பெட்டிகளும் சேர்ந்தே ரீஸ்டார்ட் ஆகும். மென்பொருளில் ஒரு பிழை இருந்தால் அத்தனை பெட்டிக்கும் சேர்த்துத்தான் இருக்கும். மேசைகளும் போன்களும் கேமராக்களும் தொங்கும் மாடி ரேக்குக்கு ஸ்டாக் பொருத்தம். சர்வர்கள் உட்காரும் மைய அறையில், தனித்தனி மூளையோடு இரண்டு சுவிட்சுகளை வைத்து, ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டிலும் ஒவ்வொரு கால் கொடுப்பதே எனக்குச் சரியாகப்படுகிறது. அங்கே ஒன்றை நிறுத்தினாலும் மற்றது முழுதாக நின்று தாங்கும்.

அன்றிரவு கிளம்பும் முன் கடைசியாக ஒரு சோதனை செய்தோம். லேப்டாப்பை இரண்டாவது பெட்டியில் செருகி, வெளியே இருக்கும் ஒரு முகவரிக்கு, பதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிங்கை விடாமல் ஓடவிட்டு, ஸ்டாக் கேபிள்களில் ஒன்றைப் பிடுங்கினோம். திரையில் ஒரு வரிகூட விடுபடவில்லை. திரும்பச் செருகி, மற்றதைப் பிடுங்கினோம். அப்போதும் இல்லை. அதையும் செருகி, இழுத்துப் பார்த்து, தலைமைப் பெட்டியில் எல்லாவற்றையும் சேமித்தோம். இரண்டு பெட்டியின் நெற்றியிலும் 1, 2 என்று ஸ்டிக்கர் ஒட்டினோம். சிஸ்டரின் போனை மறுநாள் பகலில் பழைய போர்ட்டுக்கே மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.